ஒரே வாயில் இரண்டு உலோகக் கேப்கள்: ஈறு வீக்கம், நிக்கல் ஒவ்வாமை, உடைந்த பீங்கான் – ஒரு நிகழ்வு ஆய்வு

இது தனி ஒருவரின் மருத்துவக் கோப்பு அல்ல. உலோகக் கேப்களோடு பல் மருத்துவமனைக்கு வருபவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் சிக்கல்களை ஒரே வாயில் சேர்த்து வைத்த பயிற்சி நிகழ்வு. அளவுகளும் செய்முறைகளும் நடைமுறையில் உள்ளவையே.

வந்த குறைகள்

46 வயதுப் பெண். இடப்பக்கத்தில் இரண்டு கேப்கள். மேலே முதல் முன்கடைவாய்ப் பல்லில் ஒன்று (24ஆம் எண்), கீழே முதல் கடைவாய்ப் பல்லில் ஒன்று (36ஆம் எண்). இரண்டும் வேர் சிகிச்சை செய்த பற்கள். கேப்கள் ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரே லேபில் செய்தவை, உள்ளே உலோகம், வெளியே பீங்கான். ‘செராமிக் கேப்’ என்ற பெயரில் போடப்படுபவற்றில் பல இந்த வகைதான். உள்ளே உலோகம் இருப்பது போட்டுக்கொண்டவருக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு.

24ஐச் சுற்றி ஈறு இரண்டு ஆண்டுகளாகச் சிவந்து கிடக்கிறது. பல் துலக்கினால் ரத்தம் வருகிறது, இரண்டு முறை பல் சுத்தம் செய்தும் அடங்கவில்லை. சிரித்தால் ஈறோரத்தில் சாம்பல் நிறக் கோடு தெரிகிறது. 36இல் நாக்குப் பக்க மேட்டின் பீங்கான் பெயர்ந்து உலோகம் வெளியே தெரிகிறது.

கேட்டால் மட்டுமே வந்த இன்னொரு தகவல்: கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகும், கைக்கடிகாரத்தின் பின்மூடி படும் இடத்தில் தோல் தடிக்கும். கேப் போடும் முன் எல்லாரிடமும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. நிக்கல் ஒவ்வாமை பெரும்பாலும் காது குத்திய துளையில் மலிவான உலோகத் தோடு போடுவதில்தான் தொடங்குகிறது. அதனால்தான் ஆண்களைவிடப் பெண்களிடம் அது பல மடங்கு கூடுதலாகக் காணப்படுகிறது.

உள்ளே என்ன உலோகம்?

லேப் சீட்டு இல்லை. விலை குறைந்த கேப் என்றால் நிக்கல்-குரோமியம் என்று எடுத்துக்கொண்டு தொடங்குவது நியாயம். இந்தக் கலவையில் ஏறக்குறைய 60 முதல் 80 விழுக்காடு நிக்கல், 12 முதல் 25 விழுக்காடு குரோமியம், மீதி மாலிப்டினமும் பிறவும். குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலமாகப் படிந்து அரிப்பைத் தடுக்கிறது. அதன் அளவு குறைந்தாலோ, வாயில் அமிலம் தேங்கினாலோ, மெருகேற்றாமல் விட்டாலோ படலம் பலவீனப்பட்டு நிக்கல் அயனிகள் எச்சிலிலும் ஈறிலும் கசியும்.

பழைய கலவைகள் சிலவற்றில் வார்ப்பு நன்றாக ஓடுவதற்காக 2 விழுக்காடு வரை பெரிலியம் சேர்த்தார்கள். அதனால் முதலில் பாதிக்கப்படுபவர் நோயாளி அல்ல, தூசி பறக்கத் தேய்க்கும் லேப் தொழிலாளி. பெரிலியத் தூசி நுரையீரலை அழிக்கும். ஐ.எஸ்.ஓ. 22674 தரவிதி பெரிலியம், காட்மியம் இரண்டுக்கும் 0.02 விழுக்காடு உச்சவரம்பு வைத்திருக்கிறது. நிக்கல் 0.1 விழுக்காட்டைத் தாண்டினால் பொதியில் சொல்லியாக வேண்டும் என்கிறது. அந்தப் பொதிச் சீட்டின் நகலை லேபிடம் கேட்டு வாங்கும் மருத்துவர்கள் மிகக் குறைவு. இது மாற வேண்டும்.

லேப்கள் இப்போது விற்கும் ‘டி.எம்.எல்.எஸ்.’ கேப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. அது செய்யும் முறையின் பெயர். உலோகப் பொடியை லேசரால் அடுக்கடுக்காக உருக்கி ஒட்டுகிறார்கள். பொடி பொதுவாகக் கோபால்ட்-குரோமியம். நிக்கல் இல்லாததால் ஒவ்வாமைக்காரருக்கு ஒரு படி மேல். ஆனால் நிக்கல் ஒவ்வாதவர்களில் ஒரு பகுதியினருக்குக் கோபால்ட்டும் ஒவ்வாது. சோதிக்காமல் அதற்கு மாற்றுவது சரியல்ல.

உலோகமா, விளிம்பா?

சிவந்த ஈறைக் கண்டதும் ‘மெட்டல் அலர்ஜி, சிர்கோனியா போடலாம்’ (சிர்கோனியா: உலோகமில்லாத கடினமான வெண்பீங்கான்) என்று முடிவுகட்டுவதுதான் இத்தகைய நிகழ்வுகளில் நடக்கும் மிகப் பெரிய பிழை. கேப்பைச் சுற்றிய ஈறு அழற்சிக்கு ஒவ்வாமையைவிட அடிக்கடி காரணமாவது விளிம்புதான். விளிம்பு ஈறுக்குள் மிக ஆழமாகப் போயிருக்கும், அல்லது பல்லோடு பொருந்தாமல் துருத்தி நிற்கும். அதைத் திருத்தாமல் பொருளை மட்டும் மாற்றினால் புதிய சிர்கோனியா கேப்பைச் சுற்றியும் அதே சிவப்பு திரும்பும்.

24இல் கண்டவை: ஈறுப் பையின் (பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான பள்ளம்) ஆழம் கன்னப் பக்கம் 4 மி.மீ., 23ஐ ஒட்டிய முன்பக்கம் 6 மி.மீ. பக்கத்துப் பற்களில் 2 முதல் 3 மி.மீ. முன்பக்க விளிம்பில் கூர்முனைக் கருவி சிக்கி நிற்கிறது. எக்ஸ்ரேயில் அங்கே உலோகம் படிபோலத் துருத்தியிருக்கிறது. விளிம்புக்கும் எலும்பு முகட்டுக்கும் 1 மி.மீ.தான் இடைவெளி. ஈறு பல்லோடு ஒட்டிக்கொள்ள எலும்புக்கு மேல் இடம் தேவை. 1961இல் வெளியான அளவீடுகளில் அதன் சராசரி 2.04 மி.மீ. அந்த இடத்தில் கேப் விளிம்பு நுழைந்தால் எந்தப் பொருளானாலும் ஈறு வீங்கும், அல்லது எலும்பு கரைந்து பின்வாங்கும். வேருக்குள் குட்டையான வார்ப்பு உலோகத் தண்டு ஒன்றும் தெரிகிறது.

36இன் கதை வேறு. ஈறு ஓரளவு நலமாக இருக்கிறது. பையின் ஆழம் 3 மி.மீ. பெயர்ந்த மேட்டின் அடியில் உலோகச் சட்டம் தட்டையாக இருக்கிறது. மேட்டின் வடிவத்துக்கு உலோகம் எழும்பி நிற்காமல் பீங்கானை மட்டும் அள்ளி வைத்து மேட்டை உருவாக்கியிருக்கிறார்கள். உலோகத்தின் ஆதரவில்லாத பீங்கான் 2 மி.மீ.க்கு மேல் போனால் உடையும். எதிர்ப்பல்லில் பளபளப்பான தேய்மானத் தட்டைகள் வேறு: இரவில் பல் கடிக்கும் பழக்கம்.

பீங்கான் பெயர்வதற்கு இன்னொரு காரணம் வெப்ப விரிவுப் பொருத்தம். உலோகத்தின் விரிவு எண் பீங்கானுடையதைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால், அதாவது ஒரு பாகைக்கு 0.5 மைக்ரான்/மீட்டர் அளவு, ஆறும்போது பீங்கான் அழுத்தத்தில் இறுகி வலுவாகும். தலைகீழாக இருந்தால் விரிசல் விடும். நிக்கல்-குரோமியத்தில் ஆக்சைடு படலம் தடித்தால் பீங்கான் உலோகத்தைவிட்டுத் தோலாக உரியும். இங்கே உடைந்த இடத்தில் பீங்கானின் மெல்லிய ஒளிமறைப்புப் பூச்சு உலோகத்தின்மேல் ஒட்டியே இருக்கிறது. ஆகவே ஒட்டுதலில் பழுதில்லை, சட்டத்தின் வடிவமே பழுது.

ஒவ்வாமைக்கான ஒட்டுச் சோதனையைத் தோல் மருத்துவர் செய்கிறார். முதுகில் நிக்கல் சல்பேட் 5 விழுக்காடு, கோபால்ட் குளோரைடு 1 விழுக்காடு, பொட்டாசியம் டைகுரோமேட் 0.5 விழுக்காடு. 48 மணி நேரம் கழித்து ஒட்டை எடுத்துப் பார்த்து, நான்காம் நாள் மறுபடி பார்க்க வேண்டும். உலோகங்கள் தாமதமாகவும் எழும்பும் என்பதால் ஏழாம் நாளும் பார்ப்பது நல்லது. இரண்டாம் நாளோடு நிறுத்தினால் தவறவிடுவோம். முடிவு: நிக்கலுக்கு இரட்டைக் கூட்டல் (++), அதாவது வலுவான எதிர்வினை; மற்ற இரண்டுக்கும் இல்லை.

தோலில் நிக்கல் ஒவ்வாத எல்லாருக்கும் வாயில் எதிர்வினை வருவதில்லை. எச்சில் தொடர்ந்து கழுவிவிடுவது ஒரு காரணம். இந்த நோயாளிக்கும் 36ஐச் சுற்றி ஈறு நலமாக இருக்கிறதே! ஆகவே 24இன் வீக்கத்தில் பெரும் பங்கு விளிம்புக்கு. நிக்கலின் பங்கு எவ்வளவு என்பது கழற்றிய பின்தான் தெரியும். சோர்வு, மூட்டுவலி, தலைவலி எல்லாவற்றுக்கும் வாயில் உள்ள உலோகமே காரணம் என்று சொல்லி நல்ல கேப்களைக் கழற்றுவதற்கு ஆதாரம் கிடையாது. கழற்றும் ஒவ்வொரு முறையும் பல்லில் கொஞ்சம் போகும்.

கழற்றுதல்

பிடித்து இழுக்கக் கூடாது. வேர் சிகிச்சை செய்த பல் கேப்போடு ஈறோரத்தில் முறிந்து வரும். வெட்டித்தான் எடுக்க வேண்டும். ரப்பர் டேம் (பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் தாள்) மாட்டி, அதிவேக உறிஞ்சியை அருகில் வைத்து, தண்ணீர் தெளிப்போடு வெட்டுவது கட்டாயம். நிக்கல் துகள் ஒவ்வாமைக்காரரின் வாயில் படக் கூடாது. மருத்துவருக்கும் உதவியாளருக்கும் வடிகட்டும் முகக்கவசம் வேண்டும்.

கன்னப் பக்க விளிம்பில் தொடங்கி, மேற்பரப்பைத் தாண்டி, எதிர்ப்பக்கத்தில் பாதிவரை ஒரே கோடு. முதலில் வைரப் பர்ரால் (பர்: சுழலும் வெட்டுமுனை) பீங்கானை மட்டும் உலோகம் தெரியும்வரை எடுக்க வேண்டும். பிறகு குறுக்கு வெட்டுள்ள டங்ஸ்டன் கார்பைடு பர்ருக்கு மாற வேண்டும். வைரப் பர் உலோகத்தில் அடைத்துக்கொண்டு சூடேற்றும். கார்பைடு பர்ரோ பீங்கானில் மழுங்கும். வெண்மையாக சிமெண்ட் தெரிந்ததும் நிறுத்தி, பிளவில் தட்டையான கருவியை வைத்து மெல்லத் திருகினால் கேப் விரிந்து வரும்.

கழற்றிய துண்டில் டைமெதில்கிளையாக்சைம் கரைசலையும் அம்மோனியாவையும் தோய்த்த பஞ்சைத் தேய்த்தால் ரோஜா நிறம். நிக்கல் கசிகிறது என்பது உறுதி. மலிவான, ஒரு நிமிடச் சோதனை.

24இன் தண்டு தளர்ந்திருக்கிறது, நீளமும் போதாது. அதன் சாம்பல் நிறம் ஒளி ஊடுருவும் எந்தக் கேப்பிலும் தெரியும். அல்ட்ராசானிக் முனையால், தண்ணீர் தெளிப்போடு, இடையிடையே நிறுத்தி அதிரவைத்து எடுக்க வேண்டும். தொடர்ந்து அதிர்த்தால் வேரின் வெளிப்புறம் சூடேறி எலும்பைச் சுடும். வேர்நுனியில் 4 முதல் 5 மி.மீ. கட்டாபெர்ச்சாவை (வேரை அடைத்த ரப்பர் போன்ற பொருள்) அப்படியே விட்டு, கண்ணாடி இழைத் தண்டு ஒட்டி, காம்போசிட்டால் (பல்நிற அடைப்புப் பொருள்) உள்மையம் கட்டப்படுகிறது. கேப் விளிம்பைத் தாண்டிச் சுற்றிலும் 2 மி.மீ. உயரத்துக்கு நல்ல பல் நிற்க வேண்டும். அந்தப் பட்டை இல்லையென்றால் எந்தக் கேப்பும் பல்லைக் காப்பாற்றாது.

தற்காலிகக் கேப்தான் உண்மையான சோதனை

இரண்டு பற்களுக்கும் பிஸ்-அக்ரைல் என்ற பிளாஸ்டிக்கில் தற்காலிகக் கேப், விளிம்பு வழவழப்பாக மெருகேற்றியது. ஒட்ட யூஜினால் (கிராம்பு எண்ணெயிலுள்ள பொருள்) இல்லாத சிமெண்ட். யூஜினால் பின்னர் ரெசின் (இறுதிக் கேப்பை ஒட்டும் பிசின்) இறுகுவதைக் கெடுக்கும். ஆறு வாரம் காத்திருக்கும்போது விடை தானே வருகிறது: 24இன் கன்னப் பக்கச் சிவப்பு அடங்குகிறது, முன்பக்கம் அடங்கவில்லை. நிக்கல் போயும் அடங்காத அந்த இடம் விளிம்பு எலும்பை நெருங்கிய இடம். அங்கே எலும்பு முகட்டைச் சீரமைத்து, விளிம்பிலிருந்து 3 மி.மீ. கிடைக்கும்படி ஈறு அறுவை செய்யப்படுகிறது. சிரிப்பில் தெரியும் பல் என்பதால் இறுதி அளவெடுக்க மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு ஆறாம் வாரமே அளவெடுத்தால் ஈறு பின்னர் கீழிறங்கவோ மேலேறவோ செய்து விளிம்பு வெளியே தெரியும்.

மாற்றுப் பொருள்கள்

தங்கக் கலவையை முதலில் சொல்லியாக வேண்டும். விளிம்புப் பொருத்தத்திலும் எதிர்ப்பல்லைத் தேய்க்காத குணத்திலும் அதற்கு நிகரில்லை. மேலே இடம் குறைந்த 36க்கு மிகச் சரியான பொருள். விலையும் நிறமும் தடை. அதோடு பல தங்கக் கலவைகளில் பல்லேடியம் இருக்கிறது. நிக்கல் ஒவ்வாதவர்களிடம் பல்லேடிய ஒவ்வாமையும் சேர்ந்தே வருவது நன்கறியப்பட்டது. தனியாகச் சோதிக்காமல் போடக் கூடாது.

லித்தியம் டைசிலிகேட் கண்ணாடிப் பீங்கான் வகை. வளைவு வலிமை 400 முதல் 500 மெகாபாஸ்கல் அளவில். ஒளி பல்லில் போலவே ஊடுருவும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் பொறித்து ரெசினால் ஒட்டினால் பல்லோடு ஒன்றிவிடும். 2015இல் வெளியான ஒற்றைக் கேப்கள் பற்றிய தொகுப்பாய்வில் ஐந்தாண்டுத் தாங்குதல் இவ்வகைக் கண்ணாடிப் பீங்கானுக்கு 96.6 விழுக்காடு, உலோகப் பீங்கானுக்கு 94.7. ஆக, ‘உலோகமில்லாதது பலமில்லாதது’ என்பது இப்போது பொருந்தாது. பல் கடிப்பவரின் கடைவாயில் மெல்லியதாகப் போட்டால் மட்டும் பிளக்கும்.

சிர்கோனியாவில் எல்லாம் ஒன்றல்ல. 3 மோல் விழுக்காடு இட்ரியா (படிகத்தை நிலைப்படுத்தும் ஆக்சைடு) சேர்த்தது 900 முதல் 1200 மெகாபாஸ்கல், சுண்ணாம்பு வெண்மை, ஒளி குறைவு. விரிசல் தொடங்கும் இடத்தில் அதன் படிகங்கள் உருமாறிச் சுமார் 4 விழுக்காடு பருத்து விரிசலை நெரித்து நிறுத்தும்; வலிமையின் ரகசியம் இதுவே. 5 மோல் வகையில் ஒளி ஊடுருவல் கூடும், இந்த உருமாற்றம் ஏறக்குறைய இல்லாமல் போகும். வலிமை 500 முதல் 700 அளவுக்கு இறங்கும். ‘சிர்கோனியா’ என்று மட்டும் லேப் சீட்டில் எழுதினால் எது வரும் என்று சொல்ல முடியாது. எத்தனை மோல் என்று எழுத வேண்டும். சிர்கோனியாச் சட்டத்தின்மேல் பீங்கான் பூசிய பழைய வகையிலோ 36இல் நடந்ததே, அதாவது மேல் பீங்கான் பெயர்வது, மறுபடி நடக்கும்.

கேப் கடைந்தெடுக்கும் ரெசின் கலந்த கட்டிகள் கடைய எளிது, ஆனால் முழுக் கேப்புக்கு எச்சரிக்கை தேவை. கேப்கள் பல்லைவிட்டுக் கழன்றதால் 3எம் நிறுவனம் 2015இல் தன் லாவா அல்டிமேட் கட்டிக்கு முழுக் கேப் என்ற பயன்பாட்டை விலக்கிக்கொண்டது. பால்பற்களின் எஃகுக் கேப்பை இந்த விவாதத்தில் சேர்க்கக் கூடாது. நிக்கல் ஒவ்வாமை உள்ள குழந்தை தவிர மற்றவர்களுக்கு அது இன்றும் நல்ல சிகிச்சை.

படம் எடுப்பதிலும் வேறுபாடு உண்டு. நிக்கல், கோபால்ட் கலவைகள் எம்.ஆர்.ஐ. படத்தைச் சுற்றிலும் குலைக்கும், சிர்கோனியா மிகக் குறைவாக. சாதாரண எக்ஸ்ரேயில் சிர்கோனியாவும் உலோகம்போலவே வெள்ளையாக மறைக்கும், அடியில் சொத்தை விழுந்தால் தெரியாது. லித்தியம் டைசிலிகேட்டில் ஓரளவு தெரியும்.

24: லித்தியம் டைசிலிகேட்

நிறத்தைப் பல்லைத் தொடும் முன்பே எடுக்க வேண்டும்; காய்ந்த பல் வெளுத்துக் காட்டும். கடைந்த பல்லின் அடிநிறத்தையும் தனியாக லேபுக்கு அனுப்ப வேண்டும். பல்லில் குறைக்க வேண்டியது: மேற்பரப்பு 1.5 மி.மீ., பக்கங்கள் 1 முதல் 1.2 மி.மீ., விளிம்பில் 1 மி.மீ. அகலத் தோள், உட்கோணம் உருண்டையாக. கூரான முனை ஒன்றும் இருக்கக் கூடாது. கடையும் பொறியின் பர் தன் விட்டத்தைவிடக் கூரான இடத்தைக் கடைய முடியாமல் சுற்றிலும் கூடுதலாகத் தோண்டும், கேப் தளர்ந்துவிடும். விளிம்பு ஈறு மட்டத்தில், கன்னப் பக்கம் மட்டும் 0.5 மி.மீ. ஈறுக்குள்ளே. உலோகச் சாம்பலை மறைக்க வேண்டிய தேவை போனதால்தான் விளிம்பை ஈறுக்குள் ஆழமாகக் கொண்டுபோகாமல் நிறுத்த முடிகிறது. ஈறுக்கு இந்தப் பொருள் தரும் பெரிய நன்மை இதுதான்.

ஒட்டும் நாளில்: பொருத்திப் பார்த்துக் கழுவி, உட்புறத்தில் 5 விழுக்காடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் 20 நொடி. கூடுதலாக விட்டால் கண்ணாடி அரிக்கப்பட்டு வலிமை குறையும். நன்றாகக் கழுவி, உலர்த்தி, சிலேன் (பீங்கானையும் ரெசினையும் இணைக்கும் திரவம்) 60 நொடி. அமிலத்தை வாய்க்கு வெளியே, கையுறையும் கண்ணாடியும் அணிந்தே கையாள வேண்டும். தோலில் அமிலம் பட்டால் தடவக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் டேம் போட்டு, ஒளியாலும் தானாகவும் என இருவழியில் இறுகும் ரெசின் சிமெண்டால் ஒட்டி, மிகுந்ததை இரண்டு, மூன்று நொடி ஒளிகாட்டி அரைகுறையாக இறுக்கித் துண்டாக எடுக்க வேண்டும். ஈறுக்குள் விட்டுப்போன ஒரு துணுக்கு பழைய வீக்கத்தையே திரும்பக் கொண்டுவரும்.

36: ஒரே கட்டியாக 3 மோல் சிர்கோனியா

பல் கடிப்பவர், பீங்கான் ஏற்கெனவே உடைந்த இடம், மேலே 1 மி.மீ. இடம்தான் இருக்கிறது. ஆகவே மேல்பூச்சு இல்லாத முழுக்கட்டி. கடைந்த பல்லின் சுவர் உயரம் 3 மி.மீ.தான் என்பதால் சாதாரண சிமெண்டை நம்ப முடியாது. 4 மி.மீ. இருந்திருந்தால் ரெசின் கலந்த கண்ணாடி அயனோமர் சிமெண்டே போதும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு இரண்டு. ஒன்று, சிர்கோனியாவை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் பொறிப்பது. கண்ணாடி இல்லாத பொருளில் வழக்கமான அந்தப் பொறிப்பு எடுபடாது. இரண்டு, வாயில் பொருத்திப் பார்த்ததும் பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவுவது. எச்சிலின் பாஸ்பேட் ஏற்கெனவே சிர்கோனியாவில் ஒட்டியிருக்கும், அமிலமும் பாஸ்பேட்டையே சேர்க்கும்; எம்.டி.பி. ப்ரைமர் (சிர்கோனியாவையும் ரெசினையும் இணைக்கும் திரவம்) பிடிக்க வேண்டிய இடங்கள் எல்லாம் நிரம்பிவிடும். பொருத்திப் பார்த்த பின் 50 மைக்ரான் அலுமினாத் துகளை 2 பார் அழுத்தத்தில், 10 மி.மீ. தொலைவிலிருந்து, 10 முதல் 15 நொடி வீசி, எம்.டி.பி. ப்ரைமர் பூசி, ரெசின் சிமெண்டால் ஒட்ட வேண்டும்.

கடியில் திருத்தம் தேவைப்பட்டால் நுண்ணிய வைரப் பர், தண்ணீரோடு மட்டும். பிறகு வைரத்தூள் கலந்த ரப்பர்ச் சக்கரங்களால் மூன்று தரத்தில் மெருகு. சொரசொரப்பாக விட்ட சிர்கோனியா எதிர்ப்பல்லை அரம்போலத் தேய்க்கும். கண்ணாடியாக மெருகேற்றியது தேய்ப்பதில்லை. பளபளப்புப் பூச்சை நம்பி மெருகேற்றாமல் விடுவதும் சரியல்ல, பூச்சு தேய்ந்ததும் அடியில் உள்ள சொரசொரப்பு வெளிப்படும். இரவில் அணிய கடினமான அக்ரிலிக் காப்பு தரப்படுகிறது.

நோயாளியிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டிய குறை: இந்தக் கேப்பைப் பின்னாளில் கழற்ற நேர்ந்தால் உலோகத்தைப்போல எளிதாக வெட்ட வராது. பல வைரப் பர்கள் தேயும், நேரமும் சூடும் கூடும்.

தொடர்ந்து பார்த்தல்

இரண்டு வாரத்தில் ஈறையும் எஞ்சிய சிமெண்டையும், மூன்றாம் மாதம் பையின் ஆழத்தையும், ஆறாம் மாதம் கடியையும் பார்க்க வேண்டும். இந்த நிகழ்வில் எதிர்பார்க்கத் தக்கது: 24இன் கன்னப் பக்கம் 2 முதல் 3 மி.மீ., ரத்தக் கசிவு இல்லை. முன்பக்கம் 4 மி.மீ.க்குக் கீழே வராமல் நிற்கக்கூடும். அங்கே ஈறு மடல் சற்றே சுருங்கிக் கறுப்பு முக்கோண இடைவெளி தெரியலாம். இடைப்பல் பிரஷ் கொண்டு நாள்தோறும் சுத்தம் செய்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். ஓராண்டில் அதே கோணத்தில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு முகட்டின் உயரத்தை முதல் படத்தோடு ஒப்பிட வேண்டும். நோயாளியின் அட்டையில் ‘நிக்கல் ஒவ்வாமை’ என்று எழுதி, பல் கிளிப், பல்செட் கம்பி, எலும்பு முறிவுத் தகடு, மூட்டு மாற்று அறுவை எதற்கும் முன் அதைக் காட்டச் சொல்ல வேண்டும்.